புதுப்பிப்பு: கதவு திறந்தும் 'மூடியிருக்கு' என்று காட்டிய சென்சார்

போன வாரம் புலம்பியிருந்தேனே, மாடிக் கதவைத் திறந்தாலும் அலாரம் 'மூடியிருக்கு' என்றே காட்டுகிறது என்று? கதவு மூடும்போது பக்கத்தில் வரும் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் சிப்பில் கோளாறு இல்லை. தப்பு வாங்கினவன் மேல்தான்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'ஒரு ஹால் சென்சார் குடுங்கண்ணா' என்று மொட்டையாகக் கேட்டேன், கிடைத்தது யுஎஸ்1881. அது லாட்ச் வகை. சிப்பின் முகப்பில் காந்தத்தின் தென்துருவம் வந்தால் ஆன் ஆகும். காந்தத்தை எடுத்தாலும் ஆனாகவே நிற்கும், வடதுருவம் வந்தால்தான் ஆஃப். சுழலும் மோட்டாருக்கு அருமை, கதவுக்கு உதவாது. காந்தத்தைத் திருப்பிப் பிடித்ததும் எல்இடி பட்டென்று அணைந்தது. அப்போதுதான் உறைத்தது.

போன வாரப் பதிவைப் படித்துவிட்டு, ஏ3144 என்ற வேறொரு ஹால் சென்சாரைப் போடச் சொன்னீர்கள். காந்தம் விலகினால் தானே அணையும், சரி. ஆனால் குறைந்தது 4.5 வோல்ட் கேட்கும், சில மில்லி ஆம்பியரை ஓயாமல் இழுக்கும். இதுவரை யுஎஸ்பியில் ஓட்டினேன். கதவில் மாட்டப்போவது 3 வோல்ட் பட்டன் பேட்டரி.

கடைசியில் எடுத்தது டிஆர்வி5032, இதுவும் ஹால் சென்சார்தான். 1.65 வோல்ட்டிலேயே ஓடும். தூங்கித் தூங்கி விழித்துப் பார்ப்பதால் செலவு மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். வாங்கும்போது பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள், உணர்திறன் அதைப் பொறுத்து மாறும். பொடி சிப்பை சால்டர் பண்ணுவதற்குள்தான் கண் பிதுங்கிவிட்டது.