எம்.எல்.ஏ. பதில் போட்டுவிட்டார், இனி என்ன செய்வது?

ஊரணிக்கரை:
கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டு முற்றத்திலும் தெருவிலும் விழுகிற மழை, வரத்துக்கால் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும்படிதான் பெரியவர்கள் ஊரையே கட்டினார்கள். இப்போது வரத்துக்காலில் பாதியை மண் அடித்து மேடாக்கித் தகரக் கொட்டகை போட்டாயிற்று. போன ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர், ஊரணியில் வெறும் சகதி.

எம்.எல்.ஏ.வுக்கு நான்கு பக்கம் எழுதி, ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து லெட்டர்பேடில் மூன்று வரி: கடிதம் கிடைத்தது, மேல் நடவடிக்கைக்காக ஆட்சியருக்கு அனுப்பப்பட்டுள்ளது, நன்றி. "இதுக்கா ராத்திரி முழுக்க எழுதினே?" என்கிறார் அப்பத்தா. இவ்வளவுதானா?

பழைய தபால்காரன்:
ஓர் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஐந்து வருடம் தபால் பிரித்தவன் நான். (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.) அந்த மூன்று வரி எல்லோருக்கும் போவதுதான், கோபப்பட வேண்டாம். வேலைக்குச் சிபாரிசு, மாற்றல், காதுகுத்துப் பத்திரிகை, தெருவிளக்கு எல்லாம் ஒரே கட்டாக வரும். முதல் பத்து வரியில் விஷயம் இல்லையென்றால் அவ்வளவுதான்.

ஆக்கிரமிப்பை அகற்ற எம்.எல்.ஏ. உத்தரவு போட முடியாது. அது வருவாய்த்துறை வேலை. அவரால் முடிந்தது கடிதத்தை மேலே தள்ளுவது. தூர்வாருவதற்குத் தொகுதி மேம்பாட்டு நிதி கேட்டால் அது வேறு, அதைத் தனியாக எழுதுங்கள். நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்திருப்பீர்கள், சரிதானே?

அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேலே கடித எண்ணும் தேதியும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்சியர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், வி.ஏ.ஓ. என்று தேடிப் போக வேண்டும். அப்புறம், வரத்துக்காலின் புல எண் (சர்வே நம்பர்) எழுதினீர்களா?

ஊரணிக்கரை:
கலந்துதான் எழுதினேன். புல எண் இல்லை. 'கருப்பர் கோவிலுக்கு மேற்கே' என்று போட்டிருந்தேன்.

புதுவயல் மருமகள்:
கருப்பர் கோவில் இல்லாத ஊர் நம் பக்கம் எது!

அண்ணே, அரசு இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடு (எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் கிராம நிலப் பதிவேடு) பார்க்கலாம். புறம்போக்கு, வாய்க்கால் என்று இருந்தால் அச்செடுத்து இணையுங்கள். திங்கட்கிழமை சிவகங்கையில் ஆட்சியரின் குறைதீர் கூட்டம் நடக்கும். எம்.எல்.ஏ. பதிலின் நகலோடு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்படியும் சத்தமில்லையா? 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'இந்தத் தேதிக் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். எங்கள் கண்மாய் மடைக்கு அந்த ஒற்றை வரிதான் வேலை செய்தது. அக்டோபர் 2 கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள்.

ஊரணிக்கரை:
புல எண் எடுத்துவிட்டேன், வாய்க்கால் புறம்போக்குதான். இப்போது கடிதம் அரைப் பக்கம். அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். "எல்லாஞ் சரி, கருப்பரை ஏன் எடுத்துட்டே?" என்கிறார்.