மறு: ‘ட்ரெட்வேர்’ – ‘உழைதிறன்’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லாரி, எஸ்யூவி வைத்திருப்பவர்கள் மாற்று டயர் வாங்குவதற்காக நாம் தமிழில் எழுதும் கையேடு, சாலையைத் தொடும் வரிப்பள்ளப் பரப்பான ட்ரெட் தேய்வதைக் குறிக்கும் ‘ட்ரெட்வேர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுவதில் வந்து நின்றுவிட்டது. நிற்க வேண்டிய இடம்தான். ரொம்ப நாள் ஓடுகிற டயர் வேண்டும் என்று கடைக்குப் போகிறவருக்கு முதலில் தேவைப்படும் சொல் இது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப் முதல் இன்றைய ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் வரை, டயர் செய்கிற ஊர் சென்னை. செய்கிறவர், மாட்டுகிறவர், ஓட்டுகிறவர் எல்லோருக்கும் அதைப் பற்றிப் பேசத் தமிழில் சொல் இருக்கிறது. கையேட்டிலும் அந்தச் சொற்களே முடிந்தவரை இருக்க வேண்டும் என்பது என் நிலை. வந்த மடல்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> தேய்மானம் எல்லோருக்கும் தெரிந்த சொல். ‘தேய்மான எண்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

ஐயா, சொல் தெரிந்ததுதான். எண்ணோடு சேரும்போதுதான் சிக்கல். எஸ்யூவி டயர்கள் சிலவற்றின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் 400, 500, 600 என்று அச்சிட்டிருக்கும். அது அமெரிக்க அரசின் தரமுறை. டெக்சாஸில் சான் ஏஞ்சலோ என்ற ஊரை ஒட்டிப் பொதுச்சாலைகளில் சுமார் 640 கிலோமீட்டருக்கு ஒரு சோதனைத் தடம் வகுத்திருக்கிறார்கள். சோதிக்க வேண்டிய டயர் மாட்டிய வண்டிகளும் ஒப்பீட்டு டயர் மாட்டிய வண்டியும் ஒரே அணியாக அதில் மொத்தம் 7,200 மைல், அதாவது ஏறக்குறைய 11,600 கிலோமீட்டர் ஓடும். இடையிடையே நிறுத்தி அளப்பார்கள். தேய்ந்த வேகத்தை ஒப்பீட்டு டயரோடு வைத்துப் பார்த்து எண் போடுவார்கள். 100 என்பது அடிப்படை. 400 என்றால் அந்தத் தடத்தில் அடிப்படையைப் போல நான்கு மடங்கு தாங்கும் என்று பொருள்.

ஆக, எண் கூடக்கூட டயர் குறைவாகத் தேயும். இதற்குப் போய் ‘தேய்மான எண் 600’ என்று பெயர் வைத்தால், 600 என்றால் அதிகம் தேயும் போலிருக்கிறது என்று நினைத்து 300-ஐ வாங்கிக்கொண்டு வருவார் படிக்கிறவர். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கையேட்டை நம்பியவருக்கு நாமே நட்டம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, லாரி ஆபீஸ்களில் தேய்மானம் என்றால் வண்டியின் மதிப்பில் ஆண்டுதோறும் கணக்கில் கழிக்கிற தொகை. டயரும் ஆடிட்டரும் ஒரே மேசைக்கு வரும் இடம் அது. அங்கே ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வேண்டாம்.

சரி, என்ன சொல் வைப்பது? டயர் கடைக்கு வருகிறவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். “இது நல்லா உழைக்குமா?” செருப்பு, குடை, பேட்டரி என்று எதை வாங்கினாலும் நாம் கேட்பது இதுதான். ஒரு பொருள் தேயாமல், கெடாமல், போட்ட பணத்துக்கு ஓடுவதைச் சொல்ல நம்மிடம் இப்படி ஒரு வினை இருக்கும்போது வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. அதனால் என் பரிந்துரை: ‘உழைதிறன்’. பக்கச்சுவரில் இருக்கும் எண்ணுக்கு ‘உழைதிறன் எண்’.

‘உழைப்பு எண்’ என்றே வைக்கலாமே என்று தோன்றும். புணர்ச்சியில் ‘உழைப்பெண்’ ஆகி, படிக்கிறவர் கண் ‘பெண்’ணில் போய் நிற்கும். உழைதிறன் அப்படி இல்லை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. உழைத்த, உழைக்கிற, உழைக்கும் என்று மூன்று காலமும் அடக்கம். பாதி ஓடிய டயருக்கும் பொருந்தும், புது டயருக்கும் பொருந்தும். ‘சுமை எண்’ என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோம். அதில் 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோ. எண் கூடினால் தாங்குதிறனும் கூடுகிறது. உழைதிறன் எண்ணும் அதே திசையில் போவதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது குழப்பம் வராது.

> உழைப்பு மனிதருக்கு உரியது. ஒரு ரப்பர் வளையத்துக்கு அதைத் தரலாமா?

அம்மா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் நாம் புதிதாக எதையும் தரவில்லை. பொருளுக்கு இந்த வினையைப் பேச்சில் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். ‘உழைப்பு’ என்ற பெயர்ச்சொல்லை நாம் தொடவே இல்லை. அது மனிதரிடமே இருக்கட்டும்.

> ‘டயர் ஆயுள்’ போதுமே?

இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். டயர் தேய்வது ஒன்று, டயருக்கு வயதாவது வேறொன்று. ஆயுள் என்ற சொல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. பள்ளிக்கரணையிலோ மேடவாக்கத்திலோ அடுக்ககத்தின் திறந்த நிறுத்தத்தில் வாரம் முழுக்க வெயிலில் நிற்கிற எஸ்யூவியை நினைத்துப் பாருங்கள். ஓட்டமே இல்லை, அதனால் தேய்வும் இல்லை. ஆனால் வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக்கி, பக்கச்சுவரில் முடி போன்ற வெடிப்புகளைக் கொண்டுவந்துவிடும். அந்த வண்டியைக் குடும்பத்தோடு திருச்சிக்கு எடுத்துப் போவார்கள். ஆகவே உழைதிறன் தனி, ‘டயர் வயது’ தனி. வயதைப் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன், அதாவது ட்ரெட், எவ்வளவு மிச்சம் இருந்தாலும், செய்த தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனால் மாற்றிவிடுங்கள் என்று பெரிய உற்பத்தியாளர்கள் பலர் சொல்கிறார்கள். இந்தப் பத்தியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

மேலே ‘பட்டன்’ என்று எழுதிவிட்டேன். அடுத்த விவாதம் அதுதான். ட்ரெட் என்பதற்கு ‘மிதிவரி’, ‘தடப்பரப்பு’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டு டயர் கடைகளில் நான் கேட்டது பட்டன்தான். “பட்டன் போயிடுச்சு”, “பட்டன் இன்னும் நிக்குது”, மறுபடி ஒட்டினால் “ரீபட்டன்”. மூலம் ஆங்கிலம் என்பதற்காக இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. டயர் என்பதையே அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் அண்மையில் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டிக்காரர் “இன்னும் ஓடும் தம்பி” என்று வாதாடிக்கொண்டிருந்தார். கடைப்பையன் பதில் பேசவில்லை. பக்கச்சுவரின் மேல்விளிம்பில் இருந்த சின்ன முக்கோணக் குறியைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே பள்ளத்தில் அடைந்திருந்த மண்ணை ஸ்குரூடிரைவரால் கிளறி எடுத்தான். பள்ளத்தின் குறுக்கே ஒரு ரப்பர் மேடு தெரிந்தது. பட்டனும் அந்த மேடும் ஒரே மட்டத்தில் இருந்தன. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னான். வண்டிக்காரர் தடவிப் பார்த்தார், அப்புறம் விலை கேட்டார்.

அந்த மேட்டின் உயரம், கார், எஸ்யூவி டயர்களில், 1.6 மில்லிமீட்டர். நம் மோட்டார் வாகன விதிகள் கேட்கிற குறைந்தபட்ச ஆழமும் அதுவே. இதற்குத் ‘தேய்வரம்பு’ என்று வைக்கலாம் என்கிறேன். வரம்பு என்றால் எல்லை. வயலில் குறுக்கே நிற்கிற மேடும் வரம்புதான். பள்ளத்தின் குறுக்கே மேடாகவும் நின்று, இதற்கு மேல் தேயவிடாதே என்று எல்லையும் காட்டுகிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தேய்கிற செயலுக்கு மட்டும் ‘தேய்வு’. காற்று அதிகமானால் நடுத்தேய்வு, குறைந்தால் இரண்டு பக்கமும் தோள்தேய்வு, அலைன்மெண்ட் போனால் ஓரத்தேய்வு. இவை தாமாகவே அமைந்துவிடுகின்றன.

உழைதிறன் என்ற பதிவுக்குக் கீழே ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் வேண்டும். உழைதிறன் கூடினால் டயர் எல்லா வகையிலும் நல்லது என்று பொருளில்லை. நாளாக உழைக்க வைக்கும் இறுகிய ரப்பர் கலவை, ஈரச் சாலையில் பிடிப்பை விட்டுக்கொடுக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேளச்சேரியிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் தண்ணீரில் ஓட்டுகிறவருக்கு ‘ஈரப்பிடிப்பு’தான் முதலில். நம் நாட்டு ஏ.ஐ.எஸ். 142 தரநிலை பார்ப்பதும் உருள்தடை, ஈரப்பிடிப்பு, ஒலி மூன்றையும்தான். டயர் எவ்வளவு தூரம் உழைக்கும் என்பது அதில் இல்லை. அமெரிக்க எண்ணும்கூட உற்பத்தியாளர் தாமே சோதித்துப் பொறிப்பதுதான். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது நன்றாக உதவும், வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிடக் கொஞ்சம் கவனம் வேண்டும். சேற்று டயரை அழகுக்காக மாட்டி ஓ.எம்.ஆரில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வரி சேர்க்கலாம். பட்டனுக்கு இடையே இடைவெளி அதிகம், தாரில் சத்தமும் தேய்வும் கூடுதல்.

லாரி டயருக்கு வந்தால் இந்த எண்ணே கிடையாது. அமெரிக்கத் தரமுறை கார் வகை டயர்களுக்கானது. இலகுரக டிரக் டயர்களுக்குக்கூட அது பொருந்தாது. அதனால் எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கிறவர் பார்ப்பது கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்றுதான். புது டயரின் விலையோடு ரீபட்டன் செலவையும் கூட்டி, எல்லாமாக ஓடிய தூரத்தால் வகுப்பார். உள்ளே எஃகுக் கம்பி வைத்த ரேடியல் டயர் பொதுவாக நைலான் இழை வைத்த பழைய வகை டயரைவிட அதிகம் உழைக்கும், ரீபட்டனும் தாங்கும். ஆனால் அளவு மீறிப் பாரம் ஏற்றினால் அதன் பக்கச்சுவர்தான் முதலில் அடிவாங்கும், பட்டன் மிச்சமிருந்தும் ரீபட்டனுக்கு உதவாமல் போகும். இங்கே உழைதிறன் பட்டனுக்கு மட்டும் உரியதில்லை, அடியில் பாரம் தாங்குகிற கேசிங்குக்கும் உண்டு. ‘பட்டன் உழைதிறன்’, ‘கேசிங் உழைதிறன்’ என்று பிரித்து எழுதினால் லாரிக்காரருக்கு உடனே பிடிபடும்.

உழைதிறன், தேய்வு, தேய்வரம்பு, டயர் வயது, பட்டன் ஐந்துக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். கேசிங் என்பதற்கு ‘கூடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது காலியான பொருளைச் சொல்வதாகப் படுகிறது. கம்பியும் துணியும் ரப்பரும் சேர்ந்து பாரம் முழுக்கத் தாங்குகிற பகுதி அது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் இருக்கும் உறுப்பினர்கள் ரீபட்டன் பட்டறைகளில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் நல்லது. அதுவரை வரைவில் கேசிங் என்றே இருக்கட்டும்.