என்தீசிஸ்: ‘பற்றிடம்’ வேண்டாம், ‘பற்றுவாய்’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாண், நார், சவ்வு ஆகியவை எலும்பைப் பற்றும் இடத்துக்கு மருத்துவத்தில் என்தீசிஸ் (enthesis) என்று பெயர். அங்கே வரும் நோய் என்தீசோபதி. இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த ‘மூட்டிணைப்பு நோய்’ என்ற முன்மொழிவை ஏற்க மனம் வரவில்லை. நோவு மூட்டில் இல்லையே! என் அக்கா காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். நாலு எட்டு நடந்ததும் வலி தணியும். உள்ளங்கால் சவ்வு குதிகால் எலும்பைப் பற்றும் இடத்தில்தான் கோளாறு. அதை மூட்டுவலி என்று நம்பி இரண்டு வருடம் கணுக்காலில் தைலம் தேய்த்தோம்.

‘நாண்முனை நோய்’ என்பதும் போதாது. தசையை எலும்போடு சேர்ப்பது நாண். எலும்போடு எலும்பைப் பிணைப்பது நார். (இரண்டையும் ‘தசைநார்’ என்றே எழுதும் பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ!) என்தீசிஸ் இரண்டுக்கும் பொது. ஆங்க்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்னும் முதுகுத்தண்டு அழற்சி நோயில் முதுகெலும்பில் நார்கள் பற்றும் இடமும் அழலும், குதிகாலில் அக்கிலிஸ் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு சேர்ப்பது) பற்றும் இடமும் அழலும்.

‘ஒட்டு’ என்ற வேரும் சரிப்படாது. கோழிக்காலின் எலும்பு முனையில் வெள்ளையாய்ப் பளபளக்கும் நாணை இழுத்துப் பாருங்கள், கத்தி வைக்காமல் எளிதில் வராது. அக்கிலிஸ் நாண் எலும்பைப் பற்றும் இடத்தில் நாண், நார்க்குருத்தெலும்பு, சுண்ணமேறிய நார்க்குருத்தெலும்பு, எலும்பு என்று 4 படியாக இறுகிக்கொண்டே போகிறது. இழுவிசை ஒரே இடத்தில் குவியாமல் பரவுவது இதனால்தான்.

எனவே ‘பற்று’தான் பொருத்தமான வேர். முதலில் ‘பற்றிடம்’ என்று எழுதிப் பார்த்தேன். தனியே நிற்கும்போது அழகு. ‘பற்றிட அழற்சி’ என்றதும் ‘தீப்பற்றிட’ என்பதுபோல வினையெச்சமாகக் காதில் விழுகிறது. ‘பற்றுவாய்’க்கு அந்தச் சிக்கல் இல்லை. வாய் என்றால் இடம் என்பது பழைய வழக்கு. நோயாளி வாய்நோய் என்று குழம்புவாரோ என்று யோசித்தேன். பொருத்துவாய், கணவாய், கால்வாய் எதிலும் யாரும் குழம்பியதில்லை.

என்தீசைட்டிஸ் பற்றுவாய் அழற்சி, என்தீசோபதி பற்றுவாய் நோய். அங்கே முளைக்கும் எலும்பு நீட்சி பற்றுவாய் முள். ‘குதிகால் முள்’ ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. அழற்சியையும் நோயையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலியில் நாள்பட்ட சிதைவுதான் முதன்மை, அழற்சி அல்ல.

மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் இந்த மூன்று கூட்டிலும் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.