டேபிளில் பாஸ், ஆக்ஸ் கேபிள் சொருகியதும் ஃபெயில்

காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி, போனில் ஓடும் பாட்டைக் கார் ரேடியோவில் கேட்க வைக்கும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய ஆர்டர் என்பதால் எஃப்சிசி (அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம்) விதிகளின் பகுதி 15-இன்படி டெஸ்ட் செய்ய சென்னையில் ஒரு லேபுக்குக் கொண்டுபோனேன். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் 3 மீட்டர் தூரத்தில் 250 மைக்ரோவோல்ட்/மீட்டர்தான் வரம்பு. டெசிபல் கணக்கில் 48.

80 செ.மீ. உயர டேபிளில் வைத்து டர்ன்டேபிளைச் சுற்றவிட்டார்கள். எதிரே ஆன்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கியது; முதலில் படுக்கையாக, அப்புறம் நிமிர்ந்து. ரிசீவரில் 31.5 டெசிபல். அதோடு ஆன்டெனா ஃபேக்டர் (ரிசீவர் காட்டுவதைக் காற்றில் உள்ள அலையின் வலிமையாக மாற்றும் எண்) 11, கேபிள் இழப்பு 1.5 கூட்டினால் 44. எனக்கு உயிர் வந்தது.

டெஸ்ட் செய்த தம்பி, "சார், பாக்ஸோட போனை இணைக்கிற ஆக்ஸ் கேபிள் குடுக்கிறீங்கல்ல, அதையும் மாட்டணும்" என்றார். மாட்டினோம். 56! வரம்பைவிட 8 டெசிபல் அதிகம், அதாவது இரண்டரை மடங்கு.

சர்க்யூட்டில் எதுவும் மாறவில்லை. 98 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 76 செ.மீ.; எங்கள் கேபிள் 1 மீட்டர். அதுவே ஆன்டெனாவாகிவிட்டது. அந்தத் தம்பி கேபிளைக் கையால் பிடித்தார், திரையில் கோடு சட்டென்று இறங்கியது, விட்டார், ஏறியது. பத்து வருஷம் போர்டு டிசைன் செய்தும் அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கேபிளில் ஃபெரைட் (கேபிள் ஆன்டெனாவாவதைக் குறைக்கும் காந்தப்பொருள் வளையம்) போட்டு, அவுட்புட்டையும் குறைத்து, அடுத்த வாரம் 46-இல் பாஸ். கீழ், நடு, மேல் என மூன்று அலைவரிசையிலும் பார்த்தார்கள். லேபுக்குப் போகிறவர்கள் வாடிக்கையாளர் கையில் போகும் எல்லா ஒயரையும் எடுத்துப் போங்கள், தயவுசெய்து.

*

மேலே உள்ள லேப் அனுபவத்தைப் படித்த வாசகன் நான்; டெக்சாஸில் இருக்கிறேன். கொரோனா நேரம், 2021 பொங்கலுக்கு எல்லோரும் காரிலேயே உட்கார்ந்து நிகழ்ச்சி கேட்கலாம் என்று ஒருவர் ஆன்லைனில் டிரான்ஸ்மிட்டர் வாங்கி வந்தார். பின்னால் '1 வாட்' என்று அச்சடித்திருந்தது. அளக்கவே தேவையில்லை. நீங்கள் சொன்ன 250 மைக்ரோவோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 19 நானோவாட்தான் (நானோவாட் என்பது வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரும். இது ஐந்து கோடி மடங்குக்கும் மேல். உள்ளூர் ஸ்டேஷன் கேட்கிறவர்களுக்கு இடைஞ்சல், பிடிபட்டால் அபராதம். "யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, கொஞ்சம் மனஸ்தாபமும் ஆனது.

எஃப்சிசி சான்று பெற்ற சின்னக் கருவி ஒன்றை வாங்கினோம். அது சுமார் 60 மீட்டர்தான் எட்டும் என்பதால் கார்களை வரிசையாக நிறுத்தாமல் மேடையைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தினோம். கடைசிக் காரிலும் பறைச் சத்தம் தெளிவாகக் கேட்டது.