திட்டப் பெயர்களில் இருக்கும் அம்மையார்கள் யார்? சுவரில் ஒட்ட நாலு நாலு வரி சொல்லுங்கள்

இளம்பிள்ளை இ-சேவை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் இ-சேவை மையம் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பெண்கள் வாசலில் நிற்பார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர், தறிக்குத் தார் நூல் சுற்றிய கையோடு வந்தவர், இடுப்பில் குழந்தையோடு வந்தவர் என்று இருப்பார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கு அடுத்தபடி என் கை அதிகம் தட்டுவது பெண்களுக்கான உதவித் திட்டங்களின் பெயர்களைத்தான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண உதவி. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். இந்தப் பெயர்களை நூறு தடவை, ஆயிரம் தடவை தட்டியிருப்பேன். "முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா பாரு" என்று பாஸ்புக்கை நீட்டுவார்கள், நானும் பார்த்துச் சொல்வேன். அதோடு சரி.

போன வாரம் கல்லூரியில் சேரப்போகும் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று கேட்க வந்தவர்கள். பேத்தி தாளை வாசித்துக் காட்டியதும் பாட்டி என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, இந்த மூவலூரு எங்க இருக்குது? பணம் வாங்க அங்க போகோணுமா?" என்றார். அது ஒரு அம்மாவின் பெயர் பாட்டி என்றேன். "யாரு அந்தம்மா? என்ன பண்ணாங்க?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கல்யாணம் 2014இல் நடந்தது. பட்டப்படிப்பு முடித்திருந்ததால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தில் 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் கிடைத்தன. அப்பாவுக்குத் தறிக்கூலி மட்டும்தான் வருமானம். அந்தத் தங்கத்தில் செய்த தாலிதான் இன்றும் என் கழுத்தில் இருக்கிறது. பத்து வருடத்துக்கும் மேலாகச் சுமக்கிறேன், கொடுத்தவரின் கதை தெரியாமலே.

அதனால் ஒரு காரியம் செய்ய நினைக்கிறேன். லேமினேஷன் மெஷின் பக்கத்துச் சுவர் காலியாக இருக்கிறது. சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் எல்லோரும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த நாலு பேரைப் பற்றியும் ஆளுக்கு நாலு வரி, பெரிய எழுத்தில், ஆறாவது படித்தவர் எழுத்துக்கூட்டி வாசிக்கும்படி ஒட்ட வேண்டும். பிறந்த தேதி, வாங்கிய பட்டம் எல்லாம் வேண்டாம். எதற்காக யாரோடு மோதினார்கள், அதனால் நமக்கு என்ன வந்தது, அது போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காடு நர்ஸம்மா பதில்:

தங்கச்சி, நான் ஏற்காட்டு மலையில் கிராம சுகாதார செவிலியராக 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். முத்துலட்சுமி அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன், அவ்வளவு பேருக்கு அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தின் அருமை கீழே இருப்பவர்களை விட மலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உள் கிராமங்களில் பிரசவம் வீட்டில்தான். வலி முற்றிய பிறகு கட்டிலோடு தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை வருவார்கள். அதற்கப்புறம் ஜீப் கிடைத்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் போக வேண்டும். வளைவிலேயே பிறந்த பிள்ளையை என் மடியில் வாங்கியிருக்கிறேன். காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் பழம் பறிக்கிற பெண் ஒன்பதாம் மாதம் வரை வேலைக்குப் போவாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. மூன்றாவது மாதத்துக்குள்ளேயே வந்து பதிந்துகொண்டால், தவணை தவணையாகப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து 18,000 ரூபாய் என்று ஆன பிறகு, பதிவுக்கு நான் தேடிப்போன காலம் போய் அவர்களே என்னைத் தேடி வந்தார்கள்.

இப்போது அவர் கதை. ஊர் புதுக்கோட்டை. 1886இல் பிறந்தவர். அந்த ஊர் மகாராஜா கல்லூரி ஆண்கள் படித்த இடம். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு வந்தபோது மன்னர் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொள்ளும் முன்பே, என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று பேசிக்கொண்டார். சென்னை மாகாண சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். அதற்குத் துணைத்தலைவராகவும் இருந்தார். சிறு பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவர அங்கே போராடினார். 1930இல் காந்தியைக் கைது செய்ததும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்காதபோது, அவர் தொடங்கியதுதான் ஔவை இல்லம்.

1923இல் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வேதனையை விடாமல் பிடித்துக்கொண்டு, முப்பது வருடம் போராடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். நம் சேலத்திலிருந்து எத்தனை பேர் கட்டப்பையோடு ராத்திரி ரயில் ஏறி அடையாறு போகிறார்கள்! என் நாத்தனாரும் போனார், பிழைத்து வந்தார்.

இன்னொன்றையும் சேர்த்து எழுது. அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்தப் பொட்டுக்கட்டும் குலத்தில் பிறந்தவர்.

சூரமங்கலம் அண்ணன் பதில்:

நல்ல முயற்சி, வாழ்த்துகள். ஆனால் நர்ஸம்மா கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள் தங்கச்சி. நம் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? அவர் டாக்டர், சட்டசபை, ஆஸ்பத்திரி எல்லாம் மறந்துபோகும். "ஓ, அந்தக் குடும்பமா" என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். பெரிய மனுஷியின் பெயருக்கு நாமே ஏன் இடம் கொடுக்க வேண்டும்? செய்த காரியத்தை மட்டும் போடுங்கள்.

அஸ்தம்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு) பதில்:

சூரமங்கலம் தம்பியின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை மறைத்தால் கதையின் உயிரே போய்விடும். ஏன் அவர் மருத்துவத் தொழிலோடு நிற்காமல் அந்தச் சட்டத்துக்காக அவ்வளவு பேரைப் பகைத்துக்கொண்டார்? அவர் அதை உள்ளேயிருந்து பார்த்தவர். வெட்கப்பட வேண்டியது பொட்டுக் கட்டியவர்கள், கட்டச் சொன்னவர்கள். கட்டப்பட்ட பெண்கள் அல்ல.

மூவலூர் அம்மையாரை எடுத்துக்கொண்டால் மறைக்கவே முடியாது. 1883இல் பிறந்தவர். வறுமை தாங்காமல், சிறு குழந்தையாக இருந்தபோது பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் ஒரு தாசியிடம் கொடுக்கப்பட்டவர். பாட்டியிடம் சொல்லுங்கள், மூவலூர் என்பது மயிலாடுதுறைப் பக்கம், அந்தக் குழந்தை வளர்ந்த ஊர். வளர்ந்ததும் அந்த வாழ்க்கை வேண்டாம் என்று தன் சங்கீத ஆசிரியரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு தன்னைப் போன்ற பெண்களை வீடு வீடாகத் தேடிப்போய் வெளியே வரச் சொன்னார். முதலில் காங்கிரசில் இருந்தார், 1925இல் பெரியாரோடு வெளியேறினார். தான் கண்டதையெல்லாம் வைத்து 'தாசிகள் மோசவலை' என்று 1936இல் ஒரு நாவலே எழுதினார். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த படையில் இந்த அம்மையாரும் நடந்தார். அப்போது வயது ஐம்பத்தைந்து. சென்னை போனபிறகு சிறைக்கும் போனார். சட்டசபைக்குள் முத்துலட்சுமி அம்மையார், தெருவில் இவர். பொட்டுக்கட்டைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

தர்மாம்பாள் அம்மையாரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும். தஞ்சாவூர்க்காரர், சித்த மருத்துவர். அதனால்தான் பெயருக்கு முன் டாக்டர். ஒரு காலத்தில் தமிழாசிரியர் என்றால் பள்ளிக்கூடத்தில் கடைசி நாற்காலி. மற்றப் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு சம்பளம், தமிழ் நடத்துபவர்களுக்கு அதைவிடக் குறைவு. இந்த அம்மையார், சம்பளத்தைச் சமமாக்கும்வரை விடமாட்டேன் என்று 'இழவு வாரம்' என்றே ஒரு போராட்டத்தை அறிவித்தார். மங்கலம் பார்க்கிற ஊரில் அப்படி ஒரு பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த நிலை மாறியது. நான் முப்பத்து மூன்று வருடம் வாங்கிய சம்பளம் கணக்கு வாத்தியார் வாங்கிய அதே சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். பெரியாருக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்த 1938ஆம் ஆண்டுப் பெண்கள் மாநாட்டை நடத்தியவர்களில் இவரும் ஒருவர்.

இரண்டாம் வருடம் பதில்:

அக்கா, நான் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன். அந்த 1,000 ரூபாய் எனக்கும் வருகிறது. முன்பு தாலிக்குத் தங்கமாகக் கொடுத்ததைத்தான் 2022இல் படிப்புக்குப் பணமாக மாற்றினார்கள். உங்களுக்கு மூவலூர் அம்மா தாலி கொடுத்தார், எனக்குப் பஸ் செலவும் பரீட்சைக் கட்டணமும் கொடுக்கிறார்.

சத்தியவாணி முத்து பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். அப்பா எங்களை விட்டுப் போன பிறகு அம்மாவுக்கு அந்தத் திட்டத்தில்தான் தையல் மெஷின் கிடைத்தது. சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, ஜாக்கெட் தைத்துத்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். மெஷினில் ஒட்டியிருந்த அந்தப் பெயரைச் சின்ன வயதில் நான் கம்பெனியின் பெயர் என்று நினைத்தேன்.

அவர் சென்னையில் 1923இல் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அப்பன் தொழிலைத்தான் பிள்ளை அரை நாள் கற்க வேண்டும் என்று 1953இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனார். பெரம்பூர் தொகுதியில் 1957இல் ஜெயித்தார். 1967இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர் ஆனார். இதெல்லாம் எங்கும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது 1974. தன் மக்களை ஒதுக்குகிறார்கள் என்று தோன்றியதும், இருபத்தைந்து வருடம் உழைத்த கட்சியை விட்டு வெளியே வந்து தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக் கட்சியே தொடங்கினார். 1979இல் சரண்சிங் அரசில் மத்திய அமைச்சரும் ஆனார். அமைச்சர் ஆனதைப் போடுங்கள் அக்கா, வெளியே வந்ததையும் கட்டாயம் போடுங்கள்.

இளம்பிள்ளை இ-சேவை பதில்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சூரமங்கலம் அண்ணா, இரண்டு நாள் யோசித்தேன். மறைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கழுத்தில் இருக்கும் தங்கத்தைக் கொடுத்தவர் பழைய சேலைக்கு விற்கப்பட்ட குழந்தை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல என் கை வரவில்லை.

நேற்று ஒட்டிவிட்டேன். மூவலூர் அம்மாவுக்கு இப்படி எழுதினேன்: "பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் சின்ன வயதில் விற்கப்பட்டவர். தன்னைப் போல் இன்னொரு பெண் குழந்தை சிக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஐம்பத்தைந்து வயதில் 42 நாள் நடந்தார், சிறைக்குப் போனார். இப்போது நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் வருவது இவர் பெயரில்."

இன்று மதியம் தார் சுற்றும் ஒரு அக்கா ரேஷன் கார்டு திருத்தத்துக்கு வந்தார். எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்தார். வேலை முடிந்து ரசீது கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "சேலை என்ன சேலைன்னு போடலையே" என்றார். நெய்கிறவர் கேட்கும் கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அஸ்தம்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு) பதில்:

அருமை அம்மா. சுவரில் இடம் இருந்தால் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்ப்பீர்களா? அவர் நம் ஊர்ப் பெண். பெரியாரின் துணைவியார் நாகம்மையார், 1885இல் பிறந்தது சேலத்துத் தாதம்பட்டியில். பதின்மூன்று வயதில் ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, கணவரைச் சிறையில் அடைத்ததும், நாத்தனார் கண்ணம்மாளோடு தெருவில் இறங்கி மறியலைத் தொடர்ந்து நடத்தினார். மறியலை நிறுத்துவது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் அந்த இரண்டு பெண்களைத்தான் கேட்க வேண்டும் என்று காந்தியே சொல்லும் அளவுக்கு அது நடந்தது. 1924இல் வைக்கம் போராட்டத்துக்கும் போனார். 1933இல் காலமானார்.

இளம்பிள்ளை இ-சேவை பதில்:

ஐயா, தாதம்பட்டியா! என் சித்தியைக் கொடுத்த ஊர் அது. எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லையே. வரும் ஞாயிறு மையம் விடுமுறை. காலையில் கிளம்பிப்போய்ச் சித்தி வீட்டுப் பக்கம் வயதானவர்களிடம் நாகம்மையார் பிறந்த வீடு இருந்த இடம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரிக்கப் போகிறேன். இரண்டாம் வருடம் தங்கச்சி, உனக்கு அன்று வேலை இல்லாவிட்டால் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்பது மணிக்கு நில். சேர்ந்தே போகலாம்.