புதுப்பிப்பு: ஸ்விட்சர்லாந்துக்கு பாஸா, அரைக் கட்டண அட்டையா?

சுவிஸ் டிராவல் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு ரயில், பேருந்து, படகில் தனிச் சீட்டு இல்லாமல் சுற்றலாம்) வாங்கலாமா, அரைக் கட்டண அட்டையே (ஒவ்வொரு சீட்டையும் பாதி விலையில் வாங்கலாம்) போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இது.

தினமும் ஊர் மாறி, ரயிலிலும் படகிலும் சுற்றுபவர்களுக்குப் பாஸ்தான் லாபம். ரிகி மலைக்கு அதிலேயே ஏறிவிடலாம். 1871-இல் திறந்த, ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் அங்கேதான் ஓடுகிறது. 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள, ரயிலில் போகும் யுங்ஃப்ராவ்யோக் மலைக் கணவாய் என்றால் கணக்கே வேறு. வழியில் உள்ள வெங்கன் அல்லது கிரிண்டல்வால்ட் ஊர் வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். அரைக் கட்டண அட்டை இருந்தாலோ சீட்டு பாதி விலை. ஒரே ஊரில் தங்கி மலை மலையாக ஏறப்போகிறவர்கள் அட்டையே எடுங்கள்.

சீட்டு வாங்கும் முன் காலையில் உச்சியின் நேரலை கேமராவைப் பாருங்கள். மேலே மூட்டம் என்றால் அவ்வளவு காசு கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்ப்பானேன்? ஏரிப் படகில் ஏறிவிடுங்கள்.

அப்புறம், நம்ம ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. தண்ணீர் பாட்டில் வாங்குவது மட்டும் வீண்செலவு. குழாய்த் தண்ணீரே அருமை.