பழ ஈக்கள் ஒரே மூலையில் குவிவது கூட்டு இயல்பா, சோதனைக் கோளாறா?

கேள்வி: கான்டன்-எஸ் (ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் பழ ஈ வகை) ஈக்களில், ஒவ்வொரு ஈக்கும் அதன் அருகிலுள்ள ஈக்கும் இடையிலான தூரத்தை அளக்கிறேன். செங்குத்தாக நிற்கும் முக்கோண அறை. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே 1.6 மி.மீ. இடைவெளி. 3–4 நாள் வயதுள்ள 40 ஆண் ஈக்கள். தட்டிக் கீழே இறக்கி, 30 நிமிடம் கழித்துப் படம் எடுக்கிறேன். சில நாள் நன்றாகப் பரவுகின்றன, சில நாள் வலது ஓரத்தில் அடைந்துவிடுகின்றன. ஏன்?

பதில் 1: அறையை முன்பின்னாகத் திருப்பி வைத்து, புது ஈக்களை விட்டு மறுபடி ஓட்டுங்கள். கும்பல் அப்போதும் வலப்பக்கமே நின்றால் காரணம் வெளிச்சமோ வெப்பமோதான். பழ ஈ ஒளியை நாடிப் போகும். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து ஒளியைச் சீராகப் பரப்புங்கள். அறையோடு சேர்ந்து கும்பலும் இடப்பக்கம் மாறினால், முந்தைய ஈக்கள் விட்ட வாசனை தகட்டில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் 70% எத்தனாலில் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் துளி இருந்தாலும் பயனில்லை.

பதில் 2: ஈக்களைப் பிரிக்க மயக்குவதையும் கவனியுங்கள். கார்பன் டை ஆக்சைடு கொடுத்துப் பிரித்தால், சோதனைக்குக் குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். சோதனை அன்று ஆஸ்பிரேட்டரால் (ஈயை உறிஞ்சி எடுக்கும் குழல்) மட்டும் மாற்றுங்கள். தனியாக வளர்ந்த ஈக்கள் ஒன்றுக்கொன்று கூடுதல் தூரம் விடும், அதனால் எல்லா வளர்ப்புக் குழாயிலும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். 25 டிகிரி, தினமும் ஒரே நேரம். காலையில் ஒரு தொகுதி, மாலையில் ஒரு தொகுதி என்று ஓட்டினால் ஒப்பிடவே முடியாது.

பதில் 3: கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 40 ஈ என்பது 40 மாதிரி ஆகாது. ஒரு ஈ நகர்ந்தால் பக்கத்து ஈயின் தூரமும் மாறுகிறதே! ஒரு ஓட்டத்தின் இடைநிலைத் தூரம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) ஒரே ஒரு மாதிரி. இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளில் துகள்களை எண்ணும்போது ஒட்டி நிற்கும் இரண்டு ஈக்கள் ஒன்றாக விழும். எண்ணிக்கை 40-க்குக் குறைந்தால் கையால் புள்ளி வையுங்கள். அதே முக்கோணத்துக்குள் 40 புள்ளிகளைக் கணினியில் தற்போக்காகத் தூவி, அந்தத் தூரத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால்தான் கூடுகின்றன என்று சொல்லலாம். அதுவும் ஒளிக் கோளாறு நீங்கிய பிறகு.

கேள்வி கேட்டவர்: ஆணையும் பெண்ணையும் கலந்து விடலாமா?

பதில் 2: வேண்டாம். ஆண் பெண்ணைத் துரத்தும், கூட்டம் அடங்கி நிற்காது. பெண் ஈக்களைத் தனியாக ஓட்டுங்கள். எல்லாம் இணைசேர்ந்தவையாகவோ, எல்லாம் கன்னி ஈக்களாகவோ இருக்கட்டும்.